பித்தளைக் கருவிகள்: குரல் வேறுபடுவது எதனால்?

ஆண்டுதோறும் ஜனவரி 29ஆம் நாள் மாலையில் புது தில்லியின் விஜய் சௌக்கில் முப்படைகளின் பாண்டுக் குழுக்கள் ஒன்றுகூடி இசை முழக்குகின்றன. குடியரசு நாள் விழாவின் நிறைவாக அமைந்த அந்நிகழ்ச்சியில், கைக்கு அடக்கமான கார்னெட் முதல் மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டிய டியூபா வரை, பல வடிவங்களில் பித்தளைக் கருவிகள் மாலை வெயிலில் மின்னுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்போரும் அவற்றைப் பிரித்தறிய முடியும். டிரம்பெட்டின் குரல் கூர்மையாகப் பாய்கிறது. யூபோனியத்தின் குரல் இதமாகக் குழைகிறது. டிராம்போன் உரக்க ஊதப்படும்போது உலோகத் தகட்டைக் கிழிப்பது போன்ற முழக்கம் எழுகிறது. பிரெஞ்சு ஹாரனின் ஒலியோ தொலைவில் உள்ள மலைச்சரிவிலிருந்து வருவது போலத் தோன்றுகிறது.

இவை யாவும் செம்பும் துத்தநாகமும் கலந்த ஒரே உலோகத்தால் ஆனவை. அவ்வாறிருக்க, குரல் மட்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? உலோகத்தின் தரமும் பளபளப்புமே ஒலியைத் தீர்மானிக்கின்றன என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பள்ளிகளும் பாண்டுக் குழுக்களும் கருவி வாங்கும்போது இவ்வெண்ணத்தின் பொருட்டு வீண் செலவு செய்வதும் உண்டு. ஆனால் ஒலிநூல் காட்டும் விடை வேறு. இக்கருவிகளில் இசைப்பது உலோகமன்று; அதனுள் அடைபட்டுள்ள காற்றே இசைக்கிறது. அக்காற்றின் நீளமும் வடிவமுமே கருவிகளை வேறுபடுத்துகின்றன.

உதடே சீவாளி

நாகஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. கிளாரினெட்டில் நாணல் தகடு அதிர்கிறது. பித்தளைக் கருவிகளில் இவ்விரண்டும் இல்லை. ஊதுபவர் தம் உதடுகளை இறுக்கிச் சேர்த்து ஊதுவாயில் பதித்து மூச்சை விடுகிறார். உதடுகள் விரைவாகத் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு திறப்பிலும் ஒரு சிறு காற்றுத் துடிப்பு குழாயினுள் செல்கிறது. உதடே சீவாளியாகச் செயற்படுவதுதான் இக்குடும்பத்தின் இலக்கணம்.

இவ்விலக்கணத்தின்படி நோக்கினால் சில வியப்பான முடிவுகள் கிடைக்கின்றன. பெல்ஜியம் நாட்டவரான அடால்ப் சாக்ஸ் 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன் முழுதும் பித்தளையால் ஆனது. எனினும் அது நாணல் தகட்டால் ஒலிப்பதால் கிளாரினெட்டின் உறவாகவே கருதப்படுகிறது. மாறாக, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் வழங்கிய கார்னெட்டோ என்னும் கருவி மரத்தால் செய்து தோல் போர்த்தப்பட்டது. அது உதட்டால் ஊதப்பட்டமையால் டிரம்பெட்டின் இனத்தைச் சேர்ந்தது. கோயில்களில் ஊதப்படும் சங்கும் இக்குடும்பத்தின் மூத்த உறுப்பினரே. கேரளத்துக் கொம்பு, தமிழகத்து எக்காளம், இமாசலப் பிரதேசத்து ரணசிங்கா, லடாக் பகுதியின் பௌத்த மடங்களில் முழங்கும் நீண்ட துங்சென் ஆகிய யாவும் உதட்டதிர்வினால் ஒலிப்பனவே.

நீளமும் சுருதியும்

உதட்டிலிருந்து புறப்படும் துடிப்பு, குழாயின் மறுமுனை வரை சென்று, அங்கே ஒரு பகுதி வெளியேற, எஞ்சிய பகுதி திரும்பி வந்து உதட்டை அடைகிறது. திரும்பி வரும் துடிப்பு உதட்டின் அடுத்த திறப்புக்குத் துணை செய்யுமாயின் ஒலி நிலைத்து நிற்கும். இல்லையேல் கரகரத்து அடங்கிவிடும். காற்றில் ஒலி 20 பாகை செல்சியசில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. டிரம்பெட்டின் சுருள்களைப் பிரித்து நீட்டினால் அதன் குழாய் சுமார் 1.4 மீட்டர் இருக்கும். ஒலி அதனுள் சென்று திரும்ப ஒரு வினாடியின் ஆயிரத்தில் எட்டுப் பங்கு நேரம் ஆகிறது. குழாய் நீண்டால் இந்நேரமும் நீளும், சுருதி தாழும்.

டிராம்போனின் குழாய் டிரம்பெட்டைப் போல் இரு மடங்கு, அதாவது சுமார் 2.8 மீட்டர் நீளமுடையது. ஆகவே அதன் சுருதி ஒரு ஸ்தாயி தாழ்ந்தது. பெரிய டியூபாவின் குழாய் சுமார் 5.5 மீட்டர் நீளமுடையது. அது மேலும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கிறது. நீளத்தை இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும் என்ற விதி இங்குத் தெளிவாகக் காணப்படுகிறது. குழாயை வளைத்துச் சுருட்டுவது கையில் பிடிக்கும் வசதிக்காக மட்டுமே; ஒலி வளைவுகளைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

ஒரே நீளமுள்ள குழாயில் ஒரு சுரம் மட்டுமன்றி ஒரு வரிசையே கிடைக்கிறது. உதட்டை மேலும் இறுக்கினால், அலை சென்று திரும்பும் நேரத்துக்குள் உதடுகள் இருமுறை, மும்முறை, நான்குமுறை எனத் திறக்கின்றன. அடிப்படை அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளான இச்சுரங்கள் சீரிசைகள் எனப்படும். இரண்டாம் சீரிசையை ஷட்ஜமாகக் கொண்டால், மூன்றாவது பஞ்சமம். நான்காவது மேல் ஷட்ஜம். ஐந்தாவது அதற்கு மேலுள்ள அந்தர காந்தாரம். ஆறாவது மேல் பஞ்சமம். வால்வு எதுவுமில்லாத பியூகிள் இந்த ஐந்து சுரங்களைக் கொண்டே இயங்குகிறது. மறைந்த வீரர்களுக்கு மரியாதை செலுத்தும்போது இராணுவத்தில் ஊதப்படும் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்னும் உருக்கமான இசை முழுவதும் இவ்வைந்து சுரங்களுக்குள் அடங்கியது.

கேரளத்துப் பஞ்சவாத்தியத்தில் கொம்பு பெரிதும் தாளத்துக்குத் துணையாகவே ஒலிக்கிறது; இராக ஆலாபனைக்கு அது எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. நீளம் மாறாத குழாயில் அடுத்தடுத்த சுரங்கள் கிடைப்பதில்லை என்பதை எண்ணும்போது இவ்வழக்கின் பொருத்தம் புலனாகும்.

அணசு செய்யும் திருத்தம்

நாகஸ்வரத்தின் அணசு போலவே பித்தளைக் கருவிகளின் முனையும் விரிந்து மலர்ந்திருக்கிறது. அதனையும் அணசு என்றே இங்குக் குறிக்கலாம். அது ஒலியைப் பெருக்கி வெளியே தள்ளுவதற்காக மட்டும் அமைந்ததன்று. ஒரு முனை மூடிய, ஒரே அகலமுள்ள நேர்க்குழாய் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை மடங்குகளையே தரும் என்பது பௌதிகப் பாடநூல்களில் கூறப்படும் உண்மை. ஊதுபவரின் உதடு குழாயின் ஒரு முனையை மூடுவதால், வெறும் குழாயில் மேலே கூறிய ஷட்ஜ பஞ்சம வரிசை கிடைக்காது. அணசைப் பொருத்தியவுடன் நிலைமை மாறுகிறது. தாழ்ந்த சுரங்களின் அலைகள் அணசின் குறுகிய பகுதியிலேயே திரும்பிவிடுகின்றன. உயர்ந்த சுரங்களின் அலைகள் விளிம்பருகே வரை சென்று மீள்கின்றன. எனவே தாழ்ந்த சுரங்களுக்குக் குழாய் குறுகியது போலாகி அவை உயர்கின்றன. மறுமுனையில் உள்ள கிண்ண வடிவ ஊதுவாய் உயர்ந்த சுரங்களைச் சற்றே தாழ்த்துகிறது. இரண்டும் சேர்ந்து ஒற்றைப்படை வரிசையை 2, 3, 4, 5 என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருகின்றன. முதலாவது மட்டும் இவ்வொழுங்கில் பொருந்துவதில்லை. டிரம்பெட் கலைஞர்கள் அதனை வழக்கமாக வாசிப்பதும் இல்லை.

இத்தகைய திருத்தம் இந்திய இசைக்குப் புதிதன்று. சாதாரணத் தோல் முழவின் அதிர்வுகள் சீரிசைகளாக அமைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே பூசப்படும் கருஞ்சாந்து அவற்றைச் சீரிசைகளாக ஒழுங்குபடுத்துவதை ஸர் சி. வி. ராமன் 1920இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். முழவில் சாந்து செய்யும் பணியை டிரம்பெட்டில் அணசும் ஊதுவாயும் செய்கின்றன. எழுதிய கணக்கு எதுவுமின்றி, கைவினைஞரின் செவி ஒன்றையே துணையாகக் கொண்டு தலைமுறைகளாக இவ்விரு திருத்தங்களும் வளர்ந்தன.

நீளம் ஒன்று, குரல் வேறு

டிராம்போனும் யூபோனியமும் ஏறத்தாழ ஒரே நீளமுடையவை. இரண்டின் சுருதியும் ஒன்றே. ஊதுவாய்களும் பெரிதும் ஒத்தவை. ஆயினும் அவற்றின் குரல்கள் முற்றும் வேறு. டிரம்பெட்டுக்கும் கார்னெட்டுக்கும் இடையே உள்ள உறவும் இத்தகையதே. வேறுபாடு குழாயின் அகலத்தில் உள்ளது. டிரம்பெட், டிராம்போன் ஆகியவற்றின் குழாய் நெடுந்தூரம் ஒரே அகலத்தில் சென்று, இறுதியிலேயே விரிகிறது. அது உருளை வடிவினது. கார்னெட்டின் குழாய் இதைவிடக் கூடுதலான தூரம் கூம்பாக விரிகிறது. யூபோனியம், டியூபா ஆகியவற்றில் வால்வுப் பகுதி நீங்கலாகக் குழாய் முழுவதும் படிப்படியாக விரிந்துகொண்டே செல்கிறது. கொம்பும் இக்கூம்பு வகையினதே.

அகலம் மாறுவது ஒலியின் தன்மையை எங்ஙனம் மாற்றுகிறது என்பதை 1996இல் ஏ. ஹிர்ஷ்பெர்க்கும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. டிராம்போனை மிக உரக்க ஊதும்போது குழாயினுள் அழுத்தம் பெரிதும் உயர்கிறது. அலையின் அழுத்தம் மிகுந்த பகுதி, அழுத்தம் குறைந்த பகுதியைவிடச் சற்று விரைவாகச் செல்லும். நீண்ட குழாயில் அது முன்னே செல்லும் பகுதியை எட்டிப் பிடிக்கிறது. கடற்கரையை அணுகும் அலையின் முகப்பு செங்குத்தாக எழுவது போல ஒலியலையின் முகப்பும் செங்குத்தாகிறது. இறுதியில் அதிர்ச்சி அலையே தோன்றுகிறது. ஒலியைவிட விரைவாகச் செல்லும் விமானம் உண்டாக்கும் முழக்கத்தின் சிறிய உருவம் இது. இத்தகைய அலையில் உயர்ந்த சீரிசைகள் மிகுந்திருப்பதால் ஒலி பளீரென்று கேட்கிறது. கூம்பு வடிவக் குழாயில் அலை செல்லச் செல்ல விரிந்து அழுத்தம் குறைகிறது. அலைமுகப்பு செங்குத்தாக வாய்ப்புக் குறைவு. ஆகவே யூபோனியம் உரக்க ஊதப்பட்டாலும் இதமாகவே ஒலிக்கிறது. பித்தளையின் ஓசை என்று செவிக்குத் தோன்றும் கூர்மை, உண்மையில் ஒடுங்கிய குழாயினுள் நெருக்குண்ட காற்றின் ஓசையே.

பிரெஞ்சு ஹாரன் இவ்விரு வகைக்கும் சற்று விலகி நிற்கிறது. அதன் குழாய் சுமார் 3.7 மீட்டர் நீளமுடையது; ஒரு வகை டியூபாவுக்கு இணையானது. ஆனால் அதன் குழாயும் ஊதுவாயும் மிகக் குறுகியவை. ஊதுவாய் கிண்ணமாக இராமல் புனல் போன்றிருக்கிறது. இதனால் கலைஞர் வரிசையின் மேற்பகுதியில், எட்டாவது முதல் பதினாறாவது வரையிலான சீரிசைகளிலும் வாசிக்கிறார். அங்கே சுரங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதால் வால்வு இல்லாமலே மெட்டு வாசிக்க முடியும். ஆனால் உதட்டின் இறுக்கம் மிகச் சிறிதளவு தவறினும் அடுத்த சுரம் வந்துவிடும். ஹாரன் வாசிப்பது அரிது என்று கூறப்படுவதற்குக் காரணம் இதுவே. கலைஞர் தம் வலக்கையை அணசினுள் வைத்திருப்பதால் ஒலி மென்மையுறுகிறது. கையைக் கூடுதலாக நுழைத்துச் சுருதியை மாற்றும் முறை 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வளர்ந்தது. ஆன்டன் யோசப் ஹாம்பெல் என்ற கலைஞரின் பெயர் அதனோடு இணைத்துப் பேசப்படுகிறது.

வால்வின் கணக்கு

எல்லாச் சுரங்களையும் வாசிக்க வேண்டுமாயின் குழாயின் நீளத்தை வாசிக்கும்போதே மாற்ற வேண்டும். டிராம்போனில் இது நேரான முறையில் நிகழ்கிறது. ஒன்றினுள் ஒன்றாகச் சறுக்கும் குழாயை ஏழு நிலைகளில் நிறுத்தி ஆறு அரைச்சுரங்கள் வரை இறங்கலாம். ஓர் அரைச்சுரம் இறங்க நீளம் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு கூட வேண்டும். குழாய் நீள நீள இந்த ஆறு பங்கும் பெரிதாகிறது. முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குச் செல்லச் சறுக்குக் குழாயைச் சுமார் 8 சென்டிமீட்டர் நீட்டினால் போதும். ஆறாவதிலிருந்து ஏழாவதற்குச் சுமார் 11 சென்டிமீட்டர் நீட்ட வேண்டும். சறுக்கும் பகுதி ஒரே அகலமுடையதாக இருந்தாலன்றி ஒன்றினுள் ஒன்று நுழையாது. ஆகவே டிராம்போனின் கையாளும் முறையே அதன் உருளை வடிவத்தையும், அதன் வழியாக அதன் குரலையும் பெரிதும் விதித்துவிட்டது.

ஏனைய கருவிகளுக்கு வால்வு வந்தது. பிரஷ்யாவைச் சேர்ந்த ஹைன்ரிஷ் ஷ்டோல்ட்செல், பிரீட்ரிஷ் புளூமெல் ஆகிய இருவரும் 1818இல் பெர்லினில் அதற்குக் காப்புரிமை பெற்றனர். வால்வை அழுத்தினால் காற்று ஒரு துணைக்குழாயைச் சுற்றிச் செல்கிறது. இக்கால டிரம்பெட்டில் முதல் வால்வு இரண்டு அரைச்சுரங்களும், இரண்டாவது ஓர் அரைச்சுரமும், மூன்றாவது மூன்று அரைச்சுரங்களும் இறக்குகின்றன. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆறு அரைச்சுரங்கள் இறங்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. குழாயின் நீளத்தை 100 எனக் கொண்டால், மூன்று வால்வுகளின் துணைக்குழாய்கள் முறையே 12.25, 5.95, 18.92 பங்குகளாகும். இவற்றின் கூட்டுத்தொகை 37.12. ஆனால் ஆறு அரைச்சுரங்கள் இறங்கத் தேவையான நீளம் 41.42. டிரம்பெட்டில் இக்குறைபாடு சுமார் 6 சென்டிமீட்டர். சுரம் ஏறக்குறைய அரை அரைச்சுரம் ஏறிவிடும். எவ்வளவு திறமையாகச் செய்த கருவியிலும் இப்பிழை இருந்தே தீரும். இது கைவினையின் குற்றமன்று, கணக்கின் இயல்பு. டிரம்பெட் கலைஞர் மூன்றாம் வால்வின் துணைக்குழாயை விரலால் நீட்டி இதனைச் சரிசெய்கிறார். நீண்ட குழாயுடைய யூபோனியத்திலும் டியூபாவிலும் பிழையும் நீளத்துக்கேற்பப் பெரிதாகும். இதற்கென, வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது கூடுதல் நீளம் தானே இணையும் ஏற்பாட்டை இங்கிலாந்தில் டி. ஜே. பிளெய்க்லி 1874இல் அமைத்தார்.

உலோகத்தின் பங்கு

1980களில் இங்கிலாந்தில் ரிச்சர்டு ஸ்மித் என்னும் கருவி வல்லுநர், சுவரின் கனம் வேறுபட்ட டிராம்போன் அணசுகளை, எது எதுவென்று தெரியாதவாறு அமைத்துத் தேர்ந்த கலைஞர்களை ஊதச் செய்தார். அவர்களால் அவற்றைப் பிரித்தறிய இயலவில்லை. 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு, அணசின் அதிர்வைத் தடுத்தபோது ஒலியில் சிறு மாறுதல் உண்டாவதை அளந்து காட்டியது. ஆகவே உலோகத்துக்குப் பங்கே இல்லை என்று கூற இயலாது; ஆனால் வடிவத்தின் பங்கோடு ஒப்பிட அது மிகச் சிறிது. இக்காலத்தில் பிளாஸ்டிக்கினால் செய்யப்படும் டிராம்போனும் டிராம்போனாகவே ஒலிக்கிறது.

அவ்வாறாயின் பித்தளையைத் தேர்ந்தெடுத்தது ஏன்? அது பட்டறையின் தேவை. செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த பித்தளை, தகடாக அடிக்கவும் குழாயாக இழுக்கவும் இசைவது, எளிதில் பற்றவைக்கத்தக்கது, இரும்பைப் போலத் துருப்பிடிக்காதது. தகட்டை அச்சின் மேல் சுற்றி அடித்து அணசு செய்வதும், குழாய் நசுங்காமலிருக்க உள்ளே கீலோ ஈயமோ நிரப்பி வளைத்துப் பின் உருக்கி எடுப்பதும் நெடுநாளைய வழக்கங்கள். பாண்டுக் கருவிகள் செய்வதற்குப் பெயர்பெற்ற உத்தரப் பிரதேசத்து மீரட் நகரில் இத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அக்கைவினைஞரின் திறமை உலோகத்தை மினுக்குவதில் மட்டும் இல்லை. குழாயின் உள்வடிவத்தைப் பிழையின்றி அமைப்பதிலும் வால்வுகள் காற்றுக் கசியாமல் இயங்கச் செய்வதிலுமே அது பெரிதும் தங்கியுள்ளது.

வெப்பமும் சுருதியும்

காற்றே ஒலிக்கிறது என்பதற்கு வெப்பநிலை ஒரு நல்ல சான்று. வெயிலில் உலோகம் விரிவதால் குழாய் நீண்டு சுருதி இறங்கும் என எதிர்பார்க்கலாம். நடப்பது இதற்கு மாறானது. வெப்பம் 10 பாகை உயர்ந்தால் டிரம்பெட்டின் குழாய் கால் மில்லிமீட்டர் அளவே நீளும். ஆனால் காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு பாகைக்கும் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது. எனவே குழாயினுள் உள்ள காற்று 10 பாகை சூடேறினால் சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். தில்லியின் ஜனவரிக் குளிரில் இணைந்த சுருதி, சென்னையின் மே மாத வெயிலில் இணையாமற் போவது இதனாலேயே. கருவியில் மூச்சைச் சில நிமிடங்கள் செலுத்திச் சூடேற்றிய பின்னரே சுருதி சேர்க்க வேண்டும் என்ற பாண்டு ஆசிரியர்களின் கட்டளைக்கு விஞ்ஞான அடிப்படை இதுவே.

மாணவர் பாண்டுக் குழுக்களுக்குக் கருவி வாங்குவோர் இவ்வுண்மைகளிலிருந்து பயன் பெறலாம். பொன் முலாமும் வெள்ளி முலாமும் பொதுவாகக் குரலை உயர்த்தா. வால்வு தடையின்றி இயங்குகிறதா, காற்று கசிகிறதா, துணைக்குழாய்கள் எளிதில் நீள்கின்றனவா, சீரிசைகள் ஒன்றோடொன்று இணைந்து ஒலிக்கின்றனவா என்பனவே சோதிக்கத்தக்கவை. அணசில் விழுந்த சிறு பள்ளத்தைவிட ஊதுவாயை அடுத்த ஒடுங்கிய குழாயில் விழுந்த பள்ளமே கூடுதலான தீங்கு செய்யும். எச்சிலின் ஈரம் தங்கும் அப்பகுதியில் பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப்போய்ச் செந்நிறப் புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. அவ்வப்போது நீர்விட்டுக் கழுவி உலர்த்துவது இதனைத் தடுக்கும். மிகுந்த விலையின்றியே நல்ல இசை கிடைக்க இவ்வழிகள் உதவும்.

சங்கை ஊதுபவரும் விஜய் சௌக்கில் டியூபாவை முழக்கும் படைவீரரும் செய்யும் செயல் அடிப்படையில் ஒன்றே. உதட்டின் துடிப்பைக் காற்றுத்தூண் ஒன்றுக்கு அளிக்கின்றனர். அத்தூண் தன் நீளத்துக்கேற்பச் சுருதியையும் தன் வடிவத்துக்கேற்பக் குரலையும் தேர்ந்து திருப்பித் தருகிறது. பித்தளை அக்காற்றைத் தாங்கி நிற்கும் கலமே.